பத்துல ஒருத்தன் மட்டும் ஏன் திரும்பி வந்தான்? தினசரி விசுவாச வாழ்க்கையில நன்றியும் உறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஜெபக்கூட்டம், வாலிபர் கூட்டம்னு பல வருஷமா உக்காந்து பேசினதுல திரும்பத் திரும்ப வந்த கேள்விகள இங்க சேர்த்து எழுதிருக்கேன். நான் பாஸ்டர் இல்ல, இறையியல் காலேஜ் பக்கம் போனதும் இல்ல. சில பதில் நீளமா இருக்கும், சிலது ரெண்டு வரியில முடிஞ்சிரும், கோச்சுக்காதீங்க.

ஸ்தோத்திரம் சொல்றதும் நன்றி சொல்றதும் ஒண்ணுதானா?

பழைய மொழிபெயர்ப்புல 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்"னு வரும், திருவிவிலியங்கற புது மொழிபெயர்ப்புல அதே இடத்துல நன்றி கூறுங்கள்னு இருக்கும். மூல கிரேக்கத்துல அது யூக்கரிஸ்தியாங்கற சொல்லோட குடும்பம், நன்றி செலுத்துறதுன்னு அர்த்தம், அதே சொல்லத்தான் ஆதி சபையில திருவிருந்துக்கே பேரா வச்சாங்க. இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரியில அப்பத்த எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார்னு 1 கொரிந்தியர் 11ல இருக்கு. அதாவது நம்ம ஆராதனையோட நடு இடமே ஒரு நன்றிதான், அதுவும் மோசமான ஒரு ராத்திரியில சொன்ன நன்றி.

ஆனா நம்ம வாயில ஸ்தோத்திரம் ஒரு கமா மாதிரி ஆயிடுச்சுங்கறது என்னோட சின்ன வருத்தம். அடுத்து என்ன ஜெபிக்கறதுன்னு யோசிக்கிற கேப்புல ஒரு ஸ்தோத்திரம், மைக் சரியா வேலை செய்யலைன்னா ஒரு ஸ்தோத்திரம். எதுக்குன்னு யாராவது நிறுத்தி கேட்டா முழிப்போம், நானும்தான்.

இயேசு பத்து குஷ்டரோகிகள சுகமாக்கி, ஒருத்தன் மட்டும் நன்றி சொல்ல திரும்பி வந்த கதைய எல்லா பிரசங்கத்துலயும் கேட்டாச்சு. ஒன்பது பேர் நன்றி கெட்டவங்க, அவ்வளவுதானே?

லூக்கா 17ஐ ஒரு தடவ மெதுவா படிங்க. அந்த பத்து பேரும் "தூரத்திலே நின்று" சத்தம் போடுறாங்க. ஏன் தூரத்துல? லேவியராகமம் 13ல சட்டம் அப்படி, குஷ்டரோகி பாளயத்துக்கு வெளிய தனியா இருக்கணும், "தீட்டு, தீட்டு"ன்னு கத்தணும். இயேசு அவங்கள ஆசாரியர்கிட்ட போய் காட்டுங்கன்னு சொல்றார், ஏன்னா ஆசாரியர் பார்த்து சுத்தம்னு சொன்னாதான் ஊருக்குள்ள வீட்டுக்குள்ள போக முடியும். போற வழியிலேயே குணமாயிடறாங்க. சரி, அந்த ஒன்பது பேர் என்ன தப்பு பண்ணாங்க? அவர் சொன்னதத்தான் செஞ்சாங்க, நேரா ஆசாரியர்கிட்ட போனாங்க. எத்தன வருஷமா பொண்டாட்டி பிள்ளைங்கள தொடாம இருந்தவங்களோ, ஓடத்தான் செய்வாங்க, நானா இருந்தாலும் ஓடிருப்பேன்.

ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து பாதத்துல முகங்குப்புற விழறான். தூரத்துல நின்னவன் இப்போ தொடுற தூரத்துல இருக்கான், எனக்கு இந்த கதையே அந்த தூரம் குறையறதுதான். சுகம் பத்து பேருக்கும் கிடைச்சது, பக்கத்துல வந்தது ஒருத்தன் மட்டும். அவன் சமாரியன் வேற, யூதங்களோட ஒட்டு உறவு இல்லாத கூட்டம். "மற்ற ஒன்பதுபேர் எங்கே"ன்னு இயேசு கேக்கறத நான் ரொம்ப நாளா திட்டுறதா நினைச்சேன், இப்போ அத படிக்கறப்ப பந்தியில ஒன்பது இலை காலியா கிடக்கறத பாத்துட்டு கேட்ட கேள்வி மாதிரி இருக்கு.

மனசுல நன்றியே வரல. வராத நன்றிய வாயால சொன்னா அது பொய் இல்லையா?

வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க, அதுவும் ஜெபம்தான். சங்கீதம் 13, மொத்தமே ஆறு வசனம், "கர்த்தாவே, எதுவரைக்கும்"னு ஆரம்பிக்குது, எவ்ளோ நாள் என்ன மறந்திருப்பீங்கன்னு நேரா கேக்குது, கடைசி வசனத்துல எனக்கு நன்மை செஞ்சீங்க, நான் பாடுவேன்னு முடியுது. ஆறு வசனத்துக்குள்ள அவ்ளோ தூரம் போயிட்டாரேன்னு பொறாமையா இருக்கும், நமக்கு ஆறு மாசம் ஆகும், ஆகட்டும்.

88ஆம் சங்கீதம் அதுகூட இல்ல. அது விடியாமலேயே முடியுது. சிநேகிதன், தோழன் எல்லாரையும் எனக்கு தூரமாக்கிட்டீங்க, தெரிஞ்சவங்க மறைஞ்சே போயிட்டாங்கன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுடுது, ஸ்தோத்திரம் இல்ல, "ஆனாலும்"ங்கற ஒரு வார்த்தை கூட இல்ல. இத யாரோ ஒருத்தர் எழுதி, அத பாட்டு புத்தகத்துல சேர்த்து, தலைமுறை தலைமுறையா பாடிருக்காங்க. அப்போ நன்றி வராத நாளுக்கும் வேதத்துல ஒரு இடம் ஒதுக்கி வச்சிருக்கு.

"எல்லாவற்றிலேயும்"னா வியாதி, சாவு, வேலை போனது எல்லாத்துக்குமா நன்றி சொல்லணும்?

இந்த கேள்விய யாரும் சும்மா கேக்கறதில்ல, பின்னாடி ஒரு ஆஸ்பத்திரி பில்லோ ஒரு கல்லறையோ இருக்கும். "எல்லாவற்றிலேயும்" வேற, "எல்லாவற்றிற்காகவும்" வேறன்னு சிலர் சுலபமா பதில் சொல்லிடுவாங்க, நானும் கொஞ்ச நாள் அதத்தான் சொல்லிட்டு திரிஞ்சேன். அப்புறம் ஒரு தம்பி எபேசியர் 5:20ஐ காட்டினான், அங்க "எல்லாவற்றிற்காகவும்"னே இருக்கு. நான் கப்சிப்.

இப்போ நான் போற இடம் யோவான் 11. இயேசுவோட சிநேகிதன் லாசரு செத்துட்டான், இயேசு கல்லறைக்கு வர்றார், "இயேசு கண்ணீர் விட்டார்". அதே அதிகாரத்துல கொஞ்சம் தள்ளி, 41ஆம் வசனத்துல, கல்லை எடுத்ததும் பிதாவே எனக்கு செவி கொடுத்ததால உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்னு சொல்றார். லாசரு செத்ததுக்கு அவர் நன்றி சொல்லல, செத்ததுக்கு அழுதார். பிதா கேட்டுட்டு இருக்கார்ங்கறதுக்கு நன்றி சொன்னார். ரெண்டும் ஒரே கல்லறை வாசல்ல, முகம் காயறதுக்குள்ள. எபேசியர் வசனத்துக்கு இது முழு பதில்னு நான் சொல்ல வரல, ஆனா பிள்ளைய இழந்த ஒரு அம்மாகிட்ட போய் "ஸ்தோத்திரம் பண்ணுங்க சிஸ்டர், எல்லாம் நன்மைக்குத்தான்"னு சொல்றவங்க முதல்ல அந்த வாசல்ல நின்னு அழுதுட்டு அப்புறம் வாய திறக்கட்டும்.

தினமும் நன்றி சொல்ற பழக்கம் எப்படி வரும்? ஆரம்பிச்சு நாலு நாள்ல விட்டுடறேன்.

பெருசா ஆரம்பிக்கறதுதான் காரணம்னு நினைக்கறேன். அழகான நோட்டு, கலர் பேனா, ஒரு மணி நேர அமைதி வேளைன்னு ஆரம்பிச்சா அஞ்சாவது நாள் நோட்டு தலையணைக்கு அடியில போயிடும்.

என் நோட்டு பாதி கிழிஞ்சது. முதல் வாரம் எழுதினத பார்த்தா எனக்கே சிரிப்பு: "குடும்பத்துக்காக நன்றி, ஆரோக்கியத்துக்காக நன்றி, வேலைக்காக நன்றி", அடுத்த நாளும் அதே மூணு வரி, அதுக்கு அடுத்த நாள் "மேலே உள்ளது"ன்னு அம்புக்குறி. அப்புறம் ஒரு விதி வச்சேன், நேத்து எழுதினத இன்னிக்கு எழுதக்கூடாது, அப்புறம் இன்னிக்கு நடந்ததா இருக்கணும். அப்பதான் "பஸ்ல முன்னாடி உக்காந்திருந்த பையன் என் பைய வாங்கி மடியில வச்சுக்கிட்டான்", "மேனேஜர் திட்டல, ஏன்னு தெரியல", "மொட்டமாடியில காத்து" இப்படி வர ஆரம்பிச்சுது. பகல்லயே கண்ணு தேட ஆரம்பிச்சுடுது, ராத்திரி எழுதணுமேன்னு.

இது புது கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. 16ஆம் நூற்றாண்டுல இயேசு சபைங்கற கத்தோலிக்க துறவற சபைய தொடங்கின இக்னேஷியஸ் லொயோலா சொல்லிக்கொடுத்த தினசரி மன ஆய்வுல முதல் படியே அன்னிக்கு கிடைச்ச நன்மைகளுக்கு நன்றி சொல்றது, தப்பு குற்றம் பாக்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான். நாம தலைகீழா பண்றோம், படுக்கையில விழுந்ததும் முதல்ல குற்ற லிஸ்ட். 2003ல எம்மன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் காலேஜ் பசங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரு குரூப் 10 வாரம் வாராவாரம் நன்றிக்குரிய விஷயம் அஞ்சு வரைக்கும் எழுதணும், இன்னொரு குரூப் எரிச்சல் பட்டத எழுதணும். நன்றி எழுதினவங்க தங்களோட வாழ்க்கைய பத்தி இன்னும் நல்லவிதமா உணர்ந்தாங்கன்னு முடிவு. இதுல ஒண்ண கவனிங்க, அவங்க தினமும் எழுதல, வாரத்துக்கு ஒரு தடவைதான். நாலு நாள்ல விட்டவங்க வாரம் ஒரு தடவை எழுதுங்க, ஒண்ணும் குறைஞ்சுடாது.

வேலை, வீடு, பிள்ளைங்கன்னு ஓடுறேன். தனியா உக்கார நேரமே இல்ல.

17ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஒரு கார்மேல் சபை மடத்துல சகோதரர் லாரன்ஸ்னு ஒருத்தர் இருந்தார், மடத்து சமையற்கட்டுலதான் வேலை. பாத்திர சத்தத்துக்கு நடுவுலயும் கோயில்ல முழங்கால்ல இருக்கற மாதிரியே தேவனோட பேசிக்கிட்டு இருக்க பழகினவர். அந்த வேலை அவருக்கு பிடிச்சதும் இல்லையாம், அதுதான் எனக்கு ஆறுதல். தனியா நேரம் கிடைச்சா எடுத்துக்கோங்க, கிடைக்கலைன்னா சிக்னல்ல நிக்கறப்ப, துணி மடிக்கறப்ப.

சாப்பாட்டு ஜெபம் வெறும் மனப்பாடமா போச்சு, என்ன பண்றது?

ஒரு தடவ சாப்பிட்டு முடிச்சுட்டு நன்றி சொல்லிப் பாருங்க. உபாகமம் 8:10ல "நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்" ஸ்தோத்திரிக்கணும்னுதான் இருக்கு, யூதங்க இன்னிக்கும் சாப்பிட்டப்புறம் அந்த ஜெபம் பண்றாங்க. பசியில சொல்றப்ப வாய் ஜெபிக்கும், கண்ணு தட்டுல இருக்கும். வயிறு நிறைஞ்சப்புறம் சொல்றதுதான் கஷ்டம், பாதி நேரம் எழுந்து போயிருப்போம்.

பிள்ளைங்களுக்கு இத எப்படி சொல்லிக்கொடுக்கறது?

நீங்க சொல்லிக்கொடுக்கறத விட அவங்க சொல்றத கேக்க தயாரா இருங்க. எங்க வீட்டு குடும்ப ஜெபத்துல ஆளுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு வச்சோம், சின்னவளுக்கு அப்போ அஞ்சு வயசு. முதல்ல பென்சில் பாக்ஸ், மழை, பக்கத்து வீட்டு பூனை இப்படி போச்சு. ஒரு நாள் கண்ண இறுக்க மூடிக்கிட்டு "இன்னிக்கு அப்பா கத்தல, தேங்க்யூ ஜீசஸ்"ன்னா. யாரும் ஆமென் சொல்லல. மனைவி கண்ண திறந்து என்ன பார்த்தா, நான் தரைய பார்த்தேன். அதுக்கு முந்தின ஒரு மாசம் ஆபிஸ் டென்ஷன் எல்லாத்தையும் வீட்டுல கொட்டிட்டு இருந்தேன், எனக்கு அது பெருசாவே படல, அவளுக்கு கத்தாத நாள் எண்ணிச் சொல்ற அளவுக்கு அபூர்வம். அன்னிக்கு ராத்திரி அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். அவ பாதி தூக்கத்துல "சரிப்பா, லைட்ட ஆஃப் பண்ணு"ன்னா.

மனுஷங்களுக்கு நன்றி சொன்னா தேவனுக்கு போக வேண்டிய மகிமை குறையாதா? எங்க சபையில "எனக்கு சொல்லாதீங்க, கர்த்தருக்கு சொல்லுங்க"ம்பாங்க.

ரோமர் 16ஐ யாரும் பிரசங்கம் பண்ண மாட்டாங்க, வெறும் பேர் பட்டியல்னு தாண்டிடுவோம். பவுல் அங்க இருபதுக்கு மேல ஆளுங்கள பேர் சொல்லி வாழ்த்துறார். பெபேயாள் அநேகருக்கும் எனக்கும் ஆதரவா இருந்தவங்கன்னு சொல்றார், பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் என் உயிருக்காக தங்கள் கழுத்தையே கொடுத்தவங்க, அவங்களுக்கு நான் மட்டும் இல்ல, யூதரல்லாத சபைகள் எல்லாமே நன்றியா இருக்குன்னு எழுதறார். ரூபுவோட அம்மாவ பத்தி சொல்றப்ப அவங்க எனக்கும் அம்மான்னு ஒரு சொல். அந்த அம்மா இவருக்கு என்ன செஞ்சாங்கன்னு வேதத்துல எங்கயும் இல்ல, ஆனா ஊர் ஊரா அலைஞ்ச ஒரு மனுஷன் அம்மான்னு எழுதற அளவுக்கு ஏதோ செஞ்சிருக்காங்க.

தேவன் மனுஷங்க வழியாத்தான் நிறைய செய்றார்னு நம்பறோம்ல, அப்போ அந்த மனுஷன்கிட்ட சொல்றதும் அந்த நன்றியோட பகுதிதான். "கர்த்தருக்கே மகிமை"ங்கறது சில நேரம் வெக்கத்துல சொல்றது, பரவால்ல. நீங்க சொல்றத சொல்லிடுங்க.

சபைக்கு போறேன், வர்றேன், ஆனா யாரோடயும் ஒட்டல. கூட்டத்துல தனியா இருக்கேன்.

இது நான் நினைச்சத விட நிறைய பேருக்கு இருக்கு, பாட்டு குழுவுல நிக்கறவங்களுக்கும் இருக்கு. வாசல்ல கைகுலுக்கி "ப்ரெய்ஸ் த லார்ட் பிரதர், எப்படி இருக்கீங்க"ன்னு கேக்கறாங்க, நீங்க "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்"ன்னு சொல்றீங்க, ரெண்டு பேருமே அடுத்த ஆளுக்கு நகர்ந்துடறீங்க.

எனக்கு வேலை செஞ்சது நாற்காலி. ஆராதனை முடிஞ்சதும் நாற்காலி அடுக்க நின்னேன், வேற ஒண்ணும் பண்ணல. எதிரும் புதிருமா உக்காந்து பேசணும்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும், கை வேலையா இருந்தா பேச்சு தானா வருது. மூணாவது வாரம் கூட அடுக்கின அண்ணன் அவர் அப்பாவுக்கு கண் ஆபரேஷன்னு சொன்னார், நாலாவது வாரம் நான் எப்படி இருக்கார்னு கேட்டேன், அவ்ளோதான், அங்கேர்ந்துதான் ஆரம்பிச்சுது. சபை முழுக்க நெருக்கமாகணும்னு பார்க்காதீங்க, ஒருத்தர் போதும் முதல்ல.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்"னு சொல்லிட்டு மறந்துடறேன்.

அங்கயே, நின்ன இடத்துலயே, நாலு வரி ஜெபிச்சுடுங்க. வாட்ஸ்அப்ல கேட்டாங்கன்னா கைகூப்பற எமோஜி போடறதுக்கு முன்னாடி ஜெபிச்சுட்டு போடுங்க. நானும் அந்த எமோஜிய கணக்கில்லாம போட்டவன்தான்.

சாட்சி சொல்றப்ப பெருமை வந்துடுமோன்னு பயமா இருக்கு.

லூக்கா 18ல பரிசேயன் ஜெபமும் மூல கிரேக்கத்துல "தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்"னுதான் ஆரம்பிக்குது, அடுத்த மூச்சுல மத்தவங்கள மாதிரி நான் இல்லன்னு போயிடுது. நன்றியே வேலி ஆயிடுச்சு. நான் பார்க்கறது ஒண்ணுதான், என் சாட்சிய கேக்கறப்ப அதே விஷயத்துக்கு ஜெபிச்சும் கிடைக்காதவங்க அந்த அறையில இருக்காங்களா? பிள்ளை கிடைச்ச சாட்சிய சொல்றப்ப பதினஞ்சு வருஷமா காத்திருக்கற ஒருத்தங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்கலாம். சொல்லாதீங்கன்னு சொல்லல. அவங்களையும் மனசுல வச்சு சொல்லுங்க, "விசுவாசிச்சேன், கிடைச்சுது"ன்னு ஃபார்முலா மாதிரி சொல்லாதீங்க.

சபையிலயே காயப்பட்டேன். திரும்ப போகணுமா?

பேச்சுல வந்த மனஸ்தாபம்னா மத்தேயு 18:15 சொல்ற மாதிரி நேரா அந்த ஆள்கிட்ட தனியா பேசறது ஒரு வழி. ஆனா அடி, மிரட்டல், பாலியல் அத்துமீறல், பண ஏமாத்து இதெல்லாம் மனஸ்தாபம் கணக்குல வராது, அத சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்துல சொல்லணும், "மன்னிச்சுடுங்க, சபை பேரு கெட்டுடும்"னு யார் சொன்னாலும். வேற சபைக்கு போறது பின்மாற்றம், அதாவது விசுவாசத்த விட்டு விலகறது, ஆகாது. கொஞ்ச நாள் எங்கயும் போகாம ரெண்டு மூணு பேரோட ஜெபிக்கறதும் தப்பில்ல.

மனச்சோர்வுல இருக்கேன். விசுவாசம் கம்மின்னு சொல்றாங்க.

1 இராஜாக்கள் 19ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ படுத்து சாகணும்னு வேண்டிக்கறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சாப்பிடச் சொல்றான், அவர் சாப்பிட்டு திரும்ப தூங்கறார், தூதன் ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிட வைக்கிறான். விசுவாசத்த பத்தி ஒரு வார்த்தை இல்ல. டாக்டர பாருங்க, மாத்திரை எழுதினா போடுங்க, நன்றி நோட்டு அப்படியே கிடக்கட்டும். சாகணும்னு தோணுச்சுன்னா இப்பவே யாரையாவது கூப்பிடுங்க, தனியா இருக்காதீங்க.

வருஷக்கணக்கா ஆயிடுச்சு, இப்போ போய் ஒருத்தருக்கு நன்றி சொன்னா அசிங்கமா இருக்காதா?

அம்மா ஐசியூல இருந்தப்ப நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், ஜெபமே வரல, போன்ல 3 பர்சன்ட் சார்ஜ், சொந்தக்காரங்க எல்லாம் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நிறைய பேர் வந்தாங்க, வசனம் சொன்னாங்க, ஒண்ணும் நினைவுல இல்ல. எங்க சபையில ஒரு அக்கா, அதிகம் பேச மாட்டாங்க, சாயந்திரம் வந்து என் போன பார்த்துட்டு பையிலேர்ந்து சார்ஜர எடுத்து ப்ளக்ல சொருகிட்டு பக்கத்துல உக்காந்தாங்க. மூணு மணி நேரம். வசனம் ஒண்ணும் சொல்லல. போறப்ப சார்ஜர எடுக்காம போனாங்க.

அம்மா பிழைச்சு வந்தாங்க, சபையில ஸ்தோத்திர காணிக்கை போட்டோம், சாட்சி சொன்னோம், அந்த அக்காகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல. அவங்க வேற ஊருக்கு மாறி போயிட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சு லூக்கா 17ஐ வீட்டு ஜெபத்துல நானே எடுத்து பேசப் போற அன்னிக்குதான் நெஞ்சுல இடிச்சுது, போன் பண்ணேன். தயங்கி தயங்கி அந்த சாயந்திரம் நீங்க வந்து உக்காந்தீங்கல்ல அக்கா, அதுக்கு நன்றி சொல்லணும்னு கூப்பிட்டேன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அட, அந்த சார்ஜர் உன்கிட்டயா இருக்கு? வீடெல்லாம் தேடினேன்டா"ன்னாங்க.

மேஜை டிராயர்லதான் இருக்கு, அந்த மாடல் போன் இப்போ யார்கிட்டயும் கிடையாது. அடுத்த மாசம் அவங்க ஊருக்கு போறேன், எடுத்துட்டு போகணும்.